பூசணம் தரும் நிறமும் நம் சாப்பாட்டுப் பெட்டியும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



ஆண்டு விழாச் சாப்பாட்டுக்கு எந்தப் பெட்டி வாங்குவது என்று போன கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு வந்தது. வந்திருந்த மாதிரிகளில் ஒன்றின் நோட்டீஸில், பூஞ்சையிலிருந்து எடுத்த இயற்கை வண்ணம், முழுக்க மக்கும் பொருள் என்று போட்டிருந்தது. பூஞ்சை என்றதும் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். இயற்கை என்றதும் மீதிப் பேர் வாங்கிவிடலாம் என்றார்கள். அதைப் பற்றிப் படித்துப் பார்த்து ஒரு கால் மணி நேரம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பி.காம். படித்தவன், விஞ்ஞானி இல்லை. ஆனால் கவுன்ட்டரில் வருடக்கணக்காக உட்கார்ந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எழுதிக் கொடுத்தாலும் வவுச்சரைத் திருப்பிப் பார்ப்பது. அந்தப் பழக்கத்தோடுதான் இதையும் பார்த்தேன்.

பார்த்தபின் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூஞ்சை என்பதற்காக முகம் சுளிக்கவும் வேண்டாம், இயற்கை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவும் வேண்டாம். மூன்று கேள்வி கேட்டு, பதில் காகிதத்தில் வந்தால் வாங்கலாம்.

நிறம் என்பது சின்ன விஷயம் இல்லை. 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும், அடுத்துத் தமிழ்நாட்டிலும் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது நினைவிருக்கும். அதில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததைப் பரிசோதனையில் கண்டுபிடித்தார்கள். துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. அன்றிலிருந்து நம் வீட்டுப் பெண்கள் கேசரிக்குக்கூட கலர் பொடி போட யோசிக்கிறார்கள். நல்லதுதான். அந்த இடத்தில்தான் இயற்கை வண்ணம் என்ற சொல்லுக்கு மவுசு கூடியிருக்கிறது.

சரி, பூஞ்சையிலிருந்து நிறம் வருமா? வரும். இன்னும் சொன்னால், நாம் ஏற்கெனவே பூஞ்சை தரும் பொருள்களைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஜாமிலும் குளிர்பானத்திலும் போடுகிற சிட்ரிக் அமிலம் எலுமிச்சையிலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இன்று உலகத்தில் அதன் பெரும்பகுதியைச் செய்து கொடுப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சை. வெங்காயத் தோலில் கரி பூசினாற்போலத் தெரியும் கறுப்புப் பூசணமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

நிறங்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது மஞ்சள். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, அதற்குக் காரணம் ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமின் பி2. அஷ்பியா காஸிபியை என்ற பூஞ்சையைக் கொண்டு இதைத் தொழிற்சாலையில் தயாரிக்கிறார்கள். இப்போது பாக்டீரியாவைக் கொண்டும் செய்கிறார்கள். அந்தப் பூஞ்சை முதலில் பருத்திக் காயைக் கெடுக்கும் நோயாகத்தான் விவசாயிக்குத் தெரிந்தது. வயலில் எதிரியாக இருந்தது, ஆலையில் வேலைக்காரனாகிவிட்டது.

இரண்டாவது ஆரஞ்சு. கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினை பிளேக்ஸ்லியா ட்ரைஸ்போரா என்ற பூஞ்சையும் தருகிறது. இதில் பிளஸ், மைனஸ் என்று இரண்டு வகை. தனித்தனியாக வளர்த்தால் கொஞ்சம்தான் நிறம் வரும். இரண்டையும் ஒரே தொட்டியில் சேர்த்து வளர்த்தால் பல மடங்கு வரும். பற்றும் வரவும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும் என்பது எனக்குப் பழக்கமான விஷயம் என்பதால் இது பிடித்துப்போனது. தக்காளியின் சிவப்பான லைகோபீனையும் இதே பூஞ்சையிலிருந்து எடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த இரண்டும் உணவு நிறமாக அனுமதி பெற்றவை. மழை, பருவம், நிலம் எதையும் எதிர்பார்க்காமல் பெரிய எஃகுத் தொட்டியில் வருடம் முழுக்கத் தயாரிக்கலாம் என்பதுதான் இவற்றின் பெரிய வசதி.

மூன்றாவது சிவப்பு. நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியது இதைப் பற்றித்தான். சீனாவில் சோற்றை வேகவைத்து ஆறவிட்டு, அதில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை ஏற்றி, ஈரமும் கதகதப்புமாக நாள்கணக்கில் வைப்பார்கள். அரிசி அடர்ந்த சிவப்பாகிவிடும். காயவைத்துப் பொடி செய்து சோயா தயிர்க்கட்டி, இறைச்சி, அரிசி மது எல்லாவற்றுக்கும் நிறமாகப் போடுவார்கள். 1637-இல் சோங் யிங்ஷிங் என்பவர் சீனத் தொழில்களைப் பற்றி எழுதிய தியான்குங் கைவு என்ற நூலில் இதன் செய்முறை இருக்கிறது. இதை மேலே தடவி வைத்தால் கோடைக்காலத்திலும் மீனும் இறைச்சியும் பல நாள் கெடாமல் இருக்கும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். நிறமும் பாதுகாப்பும் ஒரே பொருளில் கிடைக்கும் என்ற யோசனை அப்போதே இருந்திருக்கிறது. இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பொட்டலத்துக்குள் கொண்டுவரப் பார்ப்பதும் இதைத்தான்.

இவ்வளவு பழைமை இருந்தும் இந்தச் சிவப்பை ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உணவு நிறமாக அனுமதிக்கவில்லை. ஏன்? மொனாஸ்கஸ் வெளியிடும் ஒரு பொருளை மொனாசிடின்-ஏ என்று பெயரிட்டு, கிருமிகளைத் தடுக்கும் நல்ல பொருளாகத்தான் நினைத்திருந்தார்கள். 1995-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தபோது, அது சிட்ரினின் என்று தெரிந்தது. சிட்ரினின் வேறொரு பூஞ்சையிலிருந்து 1931-லேயே பிரித்தெடுக்கப்பட்டது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. வங்கி பாஷையில் சொன்னால், ஒரே ஆசாமி இரண்டு பெயரில் கணக்கு வைத்திருந்தான், கே.ஒய்.சி. பார்த்தபோது மாட்டிக்கொண்டான். ஐரோப்பிய ஒன்றியம் சிவப்பரிசி மாத்திரைகளில் சிட்ரினின் கிலோவுக்கு 2000 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று முதலில் வைத்திருந்த வரம்பை, 2020-இல் 100 மைக்ரோகிராமாகக் குறைத்துவிட்டது.

இன்னொன்று. 2024 மார்ச்சில் ஜப்பானில் இந்தச் சிவப்பரிசி சேர்த்த மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். விசாரித்ததில், தயாரிக்கும் இடத்தில் வேறொரு நீலப் பூசணம் கலந்து, அது பியூபெருலிக் அமிலம் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. பழைய பூஞ்சைதான், பழைய முறைதான், பல நூறு வருடம் பழகிய பொருள்தான். தொட்டியில் வேண்டாத விருந்தாளி நுழைந்ததை யாரும் பார்க்கவில்லை.

சிட்ரினினைச் சுரக்காத மொனாஸ்கஸ் வகைகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கவும் முடியும். ஆகவே பூஞ்சை நிறம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தப் பூஞ்சை, எந்த வகை, நஞ்சு இருக்கிறதா என்று பார்த்தார்களா என்பதுதான் விஷயம்.

இப்போது பெட்டிக்கு வருவோம். நிறம் சாப்பாட்டில் இல்லாமல் பெட்டியில் இருந்தால் என்ன லாபம்?

ஒன்று, வெளிச்சத்தைத் தடுப்பது. பாலைக் கண்ணாடி பாட்டிலில் வெயில்பட வைத்தால் அதன் ருசி மாறிவிடும். பாலில் இருக்கும் ரைபோஃப்ளேவின் வெளிச்சம் பட்டுச் சிதைவதும் அதற்கு ஒரு காரணம். உறையிலேயே நிறம் இருந்தால் கெடுக்கிற கதிரை அது வாங்கிக்கொள்ளும். இரண்டு, எண்ணெய் சிக்குப்போவதைத் தாமதப்படுத்துவது. கரோட்டின் போன்ற நிறங்களுக்கு அந்தக் குணம் உண்டு. முறுக்கும் சிப்ஸும் வாங்குகிற நமக்கு அது வேண்டியதுதான். மூன்று, கெட்டுப்போனதைக் காட்டிக்கொடுப்பது.

இந்த மூன்றாவதைக் கேட்டு ஆச்சரியப்படத் தேவையில்லை. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டால் சிவப்பாகிறது. காரத்தன்மை கூடினால் மஞ்சளின் நிறம் மாறும். பள்ளியில் லிட்மஸ் தாளை அமிலத்தில் முக்கிச் சிவப்பானதைப் பார்த்திருக்கிறோம். அந்த லிட்மஸ் எதிலிருந்து வந்தது என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ரொசெல்லா என்ற மரப்பாசி வகையிலிருந்து வந்தது. நாம் பிரியாணிக்கும் செட்டிநாட்டுக் குழம்புக்கும் போடுகிற கல்பாசியும் அந்த இனம்தான். பெயர்தான் பாசி, உண்மையில் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துகிற ஜாயின்ட் அக்கவுன்ட் அது. லிட்மஸுக்கு வேண்டிய மூலப்பொருளைச் சுரப்பது அதில் இருக்கிற பூஞ்சை. ரொசெல்லாவில் ஒரு வகை நம் கிழக்குக் கடற்கரையோர மரங்களிலும் வளர்கிறது. ஆக, மக்கும் காகிதத்தில் பூஞ்சை நிறத்தை ஏற்றி, அது சொல்லும் சேதியைப் படிப்பது நாம் பள்ளிக்கூடத்திலேயே செய்த வேலை.

அதையேதான் இப்போது உணவு உறையில் செய்து பார்க்கிறார்கள். மீன் கெடும்போது அமோனியா போன்ற வாயுக்கள் வரும்; உள்ளே காரத்தன்மை கூடும்; உறையின் நிறம் மாறும். கடைக்காரர் நேற்று வந்த மீன் என்று சொன்னாலும் உறை உண்மையைச் சொல்லிவிடும். ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மீன் கெட்டால் காரம், பால் கெட்டால் புளிப்பு. இட்லி மாவு புளித்தால் கெட்டதாக அர்த்தமே இல்லை. ஒரே உறை எல்லாச் சாப்பாட்டுக்கும் சாட்சி சொல்லாது. எந்த உணவுக்கென்று செய்தார்களோ அதற்குத்தான் சொல்லும்.

அடுத்து, நிறத்தைத் தாங்குகிற உறை எதனால் ஆனது? ஸ்டார்ச், ஜெலட்டின், சோளம் போன்றவற்றிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலம் என்று பல. அதில் கைட்டோசான் என்று ஒன்று உண்டு. இறால், நண்டு ஓட்டில் இருக்கிற கைட்டினிலிருந்து செய்வது. கைட்டோசான் என்றால் சைவமா என்று இங்கே சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1811-இல் பிரான்ஸில் ஆன்ரி பிராகோனோ என்பவர் கைட்டினை முதன்முதலில் பிரித்தெடுத்தது நண்டிலிருந்து அல்ல, காளானிலிருந்து. பூஞ்சையின் செல் சுவரிலேயே அது இருக்கிறது. சிட்ரிக் அமிலம் செய்தபின் மிஞ்சும் ஆஸ்பெர்ஜில்லஸ் கழிவிலிருந்தும் கைட்டோசான் எடுக்கிறார்கள். அது சைவம், இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் பயமில்லை. இறால் ஓட்டிலிருந்தா, பூஞ்சையிலிருந்தா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். கைட்டோசான் வினிகர் போன்ற லேசான அமிலத்தில் கரையக்கூடியது. வேறு பொருள் சேர்த்து உறுதிப்படுத்தாவிட்டால் நம் ரசத்தையும் புளிக்குழம்பையும் அது தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

இதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. நம் சாப்பாடு சூடு, புளிப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்தது. நிறத்தை இழுத்துக்கொள்ள இதைவிடச் சரியான கூட்டணி கிடையாது. வெள்ளை டிபன் பாக்ஸில் சாம்பார் வைத்து அது மஞ்சளானதைப் பார்த்திருக்கிறோம். அதே பாதையில் பெட்டியின் நிறமும் சாப்பாட்டுக்குள் வரலாம். இதற்காகவே பரிசோதனை இருக்கிறது. உணவுக்குப் பதிலாகத் தண்ணீர், அசிட்டிக் அமிலக் கரைசல், ஆல்கஹால் கரைசல், எண்ணெய்க்கு ஈடான ஹெப்டேன் ஆகியவற்றைப் பெட்டியில் ஊற்றி, குறிப்பிட்ட சூட்டில், குறிப்பிட்ட நேரம் வைத்து, பெட்டியிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று அளப்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 9845 என்பது அந்த முறை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகளின்படி, பிளாஸ்டிக் வகை உறையிலிருந்து ஒரு கிலோ உணவில் 60 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக் கூடாது. நிறம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கவே கூடாது. பஜ்ஜியைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கக் கூடாது என்பதும் இதே விதிகளில் இருக்கிறது. அச்சு மையும் ஒரு நிறம்தானே.

கடைசியாக, மக்கும் என்ற சொல். எங்கே மக்கும்? மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ். 17088 தரம் தொழிற்சாலை உரக்கிடங்கை மனதில் வைத்து எழுதப்பட்டது. சுமார் 58 டிகிரி சூட்டில், 180 நாளுக்குள் அதன் கரியில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். நம் பின்பக்கத்து உரத்தொட்டியில் அந்தச் சூடு நாள்கணக்கில் நிற்பது கடினம். அங்கே பாலிலாக்டிக் அமிலப் பெட்டியைப் போட்டால், காய்கறித் தோல் உரமாகிவிடும், பெட்டி பெட்டியாகவே கிடக்கும். தொட்டியைக் கிளறுகிற துப்புரவுப் பணியாளர்தான் கையை விட்டு எடுத்துப் போட வேண்டியிருக்கும். நிறத்துக்கும் இதே கதைதான். உறை மக்கி மண்ணானபின் நிறம் எங்கே போகிறது? கரோட்டின் போன்றது சிதைந்துவிடும். ஆனால் அதே பெட்டியில் வேறு உலோகச் சாயத்தால் லோகோ அச்சடித்திருந்தால், அந்த உரத்தைத்தான் மாடித் தோட்டத்துக் கீரைக்குப் போடப்போகிறோம்.

இதெல்லாம் எதற்கு, வாழை இலை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடும் பந்திக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோகும் வயதானவர்களுக்கும் நைட் ஷிப்ட் பிள்ளைகளுக்கும்தான் பெட்டி வேண்டும். பாக்கு மட்டைத் தட்டு இருக்கிறதே என்றால், அதிலும் ஒரு சேதி உண்டு. 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பாக்கு மரத்தில் இயல்பாகவே உள்ள ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கலாம் என்று சொல்லி, பாக்கு மட்டைத் தட்டுகளுக்கு எதிர்ப்பு தெரிவித்தது. உடனே பயப்படச் சொல்லவில்லை. இயற்கைப் பொருளையும் ஆய்வுக்கூடம் கேள்வி கேட்கிறது, கேட்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

பூஞ்சை நிறம் போட்ட உணவு உறைகள் இன்றைக்குப் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. மொனாஸ்கஸ் சிவப்பு வெளிச்சத்தில் மங்கிவிடும் என்பது ஒரு தடை. அந்தப் பூஞ்சை எதையெல்லாம் சுரக்கிறது என்று நிரூபிக்கிற செலவு இன்னொரு தடை. இரண்டும் தீரும், தீர வேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். பெட்ரோலியப் பிளாஸ்டிக்கும் பெட்ரோலியச் சாயமும் இல்லாத பெட்டி ஒன்று நம் பேரப்பிள்ளைகளுக்குத் தேவை. ஆனால் விற்பவர் நோட்டீஸில் எழுதிவிட்டதால் அது வந்துவிட்டதாக ஆகாது.

ஆகவே கமிட்டிக்கு என் ஆலோசனை. பெட்டி விற்பவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்போம்.

1. நிறம் எந்தப் பூஞ்சையிலிருந்து வந்தது, அதன் பெயர் என்ன, சிட்ரினின் போன்ற நஞ்சு இல்லை என்ற ஆய்வுக்கூட அறிக்கை இருக்கிறதா?

2. ஐ.எஸ். 9845 முறையில் சோதித்த அறிக்கை இருக்கிறதா? சூடான, புளிப்பான, எண்ணெய் உள்ள உணவுக்கும் அது பொருந்துமா?

3. எங்கே, எத்தனை நாளில் மக்கும்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் இருக்கிறதா?

மூன்றுக்கும் காகிதம் வந்தால் தாராளமாக வாங்குவோம், இரண்டு ரூபாய் கூடுதல் ஆனாலும் பரவாயில்லை. வராவிட்டால் பந்திக்கு வாழை இலை, பார்சலுக்கு அவரவர் வீட்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். டிபன் பாக்ஸ் மக்காது; ஆனால் முப்பது வருடம் குப்பைக்கும் போகாது. எதுவானாலும், தொட்டியில் போடலாம் என்று பணியாளர்களிடம் சொல்வதற்கு முன், ஒரே ஒரு பெட்டியைப் புதைத்து மூன்று மாதம் கழித்துத் தோண்டிப் பார்ப்போம். அதற்கு பி.எஸ்ஸி. பட்டம் தேவையில்லை, ஒரு மண்வெட்டி போதும். அந்த வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். முடிவை அடுத்த இதழில் எழுதுகிறேன்.